சிவகாமி மேல் எனக்குக் கோபம்

பேராதனை பஸ்ஸில் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ திரும்ப வாசித்தேன். கட்டுகலையில் சரியான ட்ராஃபிக். பஸ்ஸும் நகரவில்லை, சிவகாமியும் நகரவில்லை!

வாதாபியில் சிறைப்பட்ட நடனக்காரி சிவகாமி நாற்சந்தியில் ஆடாவிட்டால், சிறைபிடித்த சனங்களுக்குச் சவுக்கடி. அந்த ஆத்திரத்தில் அவள் சபதம் போட்டது விளங்குது. ஆனால் காதலன் மாமல்லன் மாறுவேடத்தில் வாதாபிக்கே வந்து கூப்பிடும்போதும், ஊரை எரித்தால்தான் வருவாளாம். என்ன வீம்பு இது?

1944இல் இதைத் தொடராக வாசித்தவர்கள் எப்படித்தான் பொறுத்தார்களோ! கடைசியில் சிவகாமி காஞ்சிக்குத் திரும்பினால், மாமல்லனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவனைத் திட்டவும் எனக்கு மனம் வருகுதில்லை.