பூவா, பிஞ்சா?

இந்தப் பக்கத்தில் நான் எழுதி ஏறத்தாழ ஓராண்டாகிறது. இடையில் நலம் கேட்டு எழுதிய நண்பர்கள் பலருக்கு மறுமொழி தரவில்லை, பொறுத்தருள வேண்டும். ஆய்வேடு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டவர்களும் உண்டு. மாடித் தோட்டத்துப் படங்களைப் பார்த்துவிட்டு, ஆய்வை விட்டு வேளாண்மைக்குப் போய்விட்டாயா என்று கேலி செய்தவர்களும் உண்டு. இரு சாராருக்கும் விடை ஒன்றே என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். சற்று நீளும்.

தெற்கு டில்லியில் ஒரு வீட்டின் நான்காம் தளத்தில், மொட்டை மாடியை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். இத்தகைய அறையை இங்கே பர்சாத்தி என்பார்கள். பர்சாத் என்றால் மழை. பெயரில் மழை இருக்கிறதே தவிர, ஆண்டில் எட்டு மாதம் வெயிலும் புழுதியுந்தான். 2023 அக்டோபரில் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் நகர மறுத்து நின்றபோது, அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு பிடி வெந்தயத்தை எடுத்து, பழைய பெயின்ட் வாளியில் மண் நிரப்பித் தூவினேன். அதற்கு மேல் எந்தத் திட்டமும் என்னிடம் இல்லை. நான்காம் நாள் காலையில் முளைத்திருந்தது.

ஆய்வு மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் ஒரே பத்தியைத் திருத்திக்கொண்டிருப்பவனுக்கு, நேற்றிரவு இல்லாத ஒன்று இன்று காலையில் இருப்பது எத்தகைய ஆறுதல்! வெந்தயக் கீரை இருபத்தைந்து நாளில் அறுப்புக்கு வந்தது. பிறகு பாலக், கொத்தமல்லி, முள்ளங்கி. முள்ளங்கி வாளியின் ஆழம் போதாமல் இரண்டு கால்களாகப் பிரிந்து, கால்சட்டையை உலர்த்தியதுபோல் வெளியே வந்தது. டில்லிக் குளிர் கீரைக்கு வரம். சனவரி மூடுபனியில் மட்டும் செடிகள் வளர்ச்சியை நிறுத்திவிட்டு எதையோ யோசித்துக்கொண்டிருப்பவை போல நிற்கும்.

மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணி யாரும் இதில் இறங்க வேண்டாம். அந்த முதல் குளிர்காலத்தில் மண், மட்கிய சாணம், தென்னைநார்க் கழிவு, வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றுக்கு 2,300 ரூபாய் செலவிட்டேன். கிடைத்த கீரையையும் காயையும் கடை விலைக்குக் கணக்கிட்டால் அதில் பாதி தேறினால் அதிகம். ‘நம் வீட்டுக் காய் நஞ்சில்லாதது’ என்று பெருமை பேசவும் எனக்கு வாயில்லை. நவம்பரில் இந்நகரத்தின் காற்று அந்தக் கீரையின் மீதுதான் படிந்தது, நானுந்தான் அதைச் சுவாசித்தேன். ஆனால் மாலையில் நாலு தண்டு கிள்ளி வந்து, பத்து நிமிடத்தில் அது பருப்போடு சேர்ந்து வெந்துவிடும்போது எழும் மணம் இருக்கிறதே, அதைக் கடையில் விற்பதில்லை.

கீரையை மடியில் போட்டு ஆய்ந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தச் சொல் உறைத்தது. ஆய்தல். பழுத்த இலையையும் பூச்சி அரித்ததையும் தள்ளி, நல்லதைப் பிரித்தெடுப்பது. ‘ஆய்வு’ பிறந்ததும் இந்த வினையிலிருந்தே. மொழியியல் முதுகலை வகுப்பில் இந்த வேர்ச்சொல்லைக் கடந்து வந்தவன்தான் நான். ஆயினும் என் அம்மா கீரை ஆய்வதும் நான் ஆய்வு செய்வதும் ஒரே தொழிற்பெயர் என்பது விரலில் மண் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. இது வெறும் நயம் என்று அன்று நினைத்தேன். சில மாதங்களில் நயமாக இல்லாமல் போயிற்று.

இங்கே என் ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாவர உறுப்புகளையும் வளர்நிலைகளையும் குறிக்கும் தமிழ்ச் சொற்கள், தலைமுறைகளுக்கிடையே எவ்வாறு தேய்கின்றன என்பது மூன்றாம் இயலின் பொருள். 2022இல் ஒட்டன்சத்திரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் களப்பணி செய்தேன். காய்கறிச் சந்தைக்குப் பேர்போன வட்டாரம் என்பதால் அதைத் தேர்ந்தேன். அறுபது வயதைக் கடந்த 18 பேர், முப்பதுக்கு உட்பட்ட 18 பேர். ஒவ்வொருவரிடமும் மடிக்கணினியில் 40 நிழற்படங்களைக் காட்டி, ‘இது என்ன?’ என்று கேட்டுப் பதிவு செய்தேன். எதிர்பார்த்த சொல் வந்தால் ஒன்று, வராவிட்டால் சுழியம். முடிவு எனக்கே வியப்பளித்தது. இளையோர் மட்டுமல்லர், முதியோரும் குறைவாகவே பெற்றிருந்தனர். ‘தேய்வு முன்னரே முற்றுப்பெற்றுவிட்டது’ என்று எழுதினேன். 2024 பிப்ரவரியில் ஒரு கருத்தரங்கில் அதையே கட்டுரையாகப் படித்துக் கைத்தட்டலும் பெற்றேன். சொல் சாகிறது என்று சொன்னால் நம் அரங்குகளில் கைத்தட்டல் எளிதில் கிடைக்கும்.

அதே மாதக் கடைசியில், பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பீப்பாயில் சுரை விதை ஊன்றினேன். (வெந்தயத்தைத் தூவுகிறோம், சுரையை ஊன்றுகிறோம், தக்காளியை நாற்று விட்டு நடுகிறோம். என் படப் பட்டியலில் இவை மூன்றுக்கும் ‘விதைத்தல்’ என்ற ஒரே தலைப்புத்தான் இருந்தது.) விதை வாங்கியதே ஒரு வேடிக்கை. நாற்றுப் பண்ணைக்காரர் பீகாரிலிருந்து வந்தவர்; அவருக்குச் சுரை ‘கத்தூ’. வீட்டு உரிமையாளரான பஞ்சாபி ஆன்ட்டிக்கு அது ‘கியா’. கத்தூ என்றால் பரங்கி. பொட்டலத்திலோ ‘லௌக்கி’ என்று அச்சிட்டிருந்தது. முளைத்துக் காய்க்கும்வரை, நான் பரங்கியை ஊன்றிவிட்டு ஏமாந்தேன் என்றே ஆன்ட்டி நம்பிக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் கொடி, தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு பூத்தது. சுரைப்பூ வெண்ணிறம், பொழுது சாயும்போது விரியும். முதல் பத்து நாள் நீண்ட காம்புடைய ஆண் பூக்கள் மட்டுமே வந்தன. பதினோராம் நாள் மாலை ஒரு பெண் பூ. இதழ்களுக்குக் கீழே கட்டை விரலளவில், பட்டுப்போல் மயிர் படர்ந்த முழுமையான ஒரு சுரைக்காய் இருந்தது. இன்னும் மகரந்தம் சேரவில்லை. பூவே அப்போதுதான் வாய் திறந்திருந்தது. ஆனால் காய் அங்கே இருந்தது.

‘ஆகா, பிஞ்சு விட்டிருக்கிறதே’ என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன நொடியில் வயிற்றில் எதுவோ புரண்டது.

களப்பணியில் எனக்குப் பெரிதும் உதவியவர் எழுபத்து நான்கு வயது மூதாட்டி ஒருவர். ஊரே அவரை அம்மாயி என்றழைக்கும். நானும் அப்படியே அழைத்தேன். 17ஆம் படம் சுரையின் பெண் பூ. இணையத்திலிருந்து எடுத்து, வெண்பின்னணியில் வெட்டி வைத்திருந்தேன். அம்மாயி அதைப் பார்த்துப் ‘பிஞ்சு’ என்றார். நான் எதிர்பார்த்தது ‘பூ’. சுழியம் இட்டு, ‘பூவுக்கும் காய்க்கும் இடையே குழப்பம்’ என்று குறிப்பும் எழுதினேன். 18ஆம் படம் ஆண் பூ. அதைப் பார்த்து ‘இது பூ’ என்று அவர் சொன்னதற்கு ஒன்று இட்டேன். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியும், அவர் எதை வேறுபடுத்திச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. குழம்பியிருந்தவர் அவரல்லர்.

அன்றிரவே பழைய ஒலிப்பதிவைக் கேட்டேன். நுனி சுருங்கிய காயின் படத்துக்கு அவர் ‘சூம்பல்’ என்றிருந்தார். நான் அதை அடைமொழி என்று தள்ளியிருந்தேன். உலர்ந்த வெண்டையை ‘நெற்று’ என்றிருந்தார். என் விடைத்தாளில் ‘காய்ந்த காய்’ என்றிருந்தது. உள்ளீடற்ற மிளகாயைச் ‘சொண்டு’ என்றது எனக்குப் புரியாமல், ‘தெளிவற்ற ஒலி’ என்று குறித்திருந்தேன். இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. பாவாணர் தொகுத்த பட்டியலிலேயே இச்சொற்கள் உள்ளன. குரும்பை, வடு, மூசு, கச்சல் என்று அந்தப் பட்டியலைத் தமிழின் சொல்வளத்துக்குச் சான்றாக இதே பக்கத்தில் ஒருமுறை பெருமையோடு பகிர்ந்தவன் நான். பகிர்ந்தவனுக்கு, அச்சொல்லை ஒருவர் எதிரில் அமர்ந்து உச்சரித்தபோது காதில் விழவில்லை. பதிவின் நடுவே ஓரிடத்தில் அம்மாயி சலித்துக்கொள்வதும் கேட்டது: “படத்தக் காட்டி என்னத்தக் கேக்கற கண்ணு? கையில குடு, சொல்றேன்.” அந்த வரியை எழுத்துப்படியில் சேர்க்காமல் விட்டிருந்தேன். தரவு அல்ல என்று நினைத்திருப்பேன்.

பிறகொரு மாலை அவருடைய பேத்தியின் கைபேசிக்குக் காணொளியில் அழைத்தேன். கொடியைக் காட்டினேன். மூன்று நாள் முன்பு வந்த பெண் பூ ஒன்று மகரந்தம் சேராமல் நுனி மஞ்சளித்து நின்றது. “சூம்பிப்போச்சு. வண்டு வரலியா? அம்புட்டு ஒசரத்துல எங்கிட்டு வரும்?” என்றவர், ஆண் பூவைக் கிள்ளி, இதழைக் களைந்து, பிஞ்சுப் பூவின் நடுவில் தேய்க்கச் சொன்னார். பொழுது இறங்கியதும் செய்ய வேண்டும். காலையில் செய்தால் ஆகாது. செய்தேன். மூன்றாம் நாள் அந்தப் பிஞ்சு தலை கவிழ்ந்து பருக்கத் தொடங்கியது. என் வாழ்நாளில் இத்தனை மகிழ்ச்சியை அளித்த வேறு செய்முறை நினைவில் இல்லை. அதன் பிறகு வாரம் இரண்டு முறை பேசினோம். நாற்பது படங்களைக் கொண்டு ஒரு மணி நேரத்தில் நான் பெற்றதைவிட, ஒரு கொடியைக் கொண்டு அரை மணி நேரத்தில் அதிகம் பெற்றேன்.

நெறியாளரிடம் சொல்ல இரண்டு வாரம் தயங்கினேன். கருத்தரங்கக் கட்டுரை தொகுப்புக்காக ஏற்கப்பட்டிருந்தது. அதைத் திரும்பப் பெற வேண்டும். உதவித்தொகை முடிய ஓராண்டுக்குச் சற்று அதிகமே மிச்சமிருந்தது. பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். நெறியாளர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “மற்ற பதினேழு பேருக்கு என்ன செய்தாய்?”

36 பேரின் பதிவுகளையும் மீண்டும் முதலிலிருந்து கேட்டேன். 2024 மே மாதக் கடைசி. டில்லியில் வெப்பம் 46 டிகிரியைத் தாண்டிய நாள்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு வேறு. தெருவில் லாரித் தண்ணீருக்கு மக்கள் குடத்தோடு வரிசையில் நிற்கையில் மாடியில் செடிக்கு ஊற்றுவது கூசியது. அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் மட்டும் சேர்த்து ஊற்றினேன். தக்காளி, வெண்டை இரண்டையும் கைவிட்டேன். சுரைக்கு மேலே ஆன்ட்டியின் பழைய பருத்தித் துப்பட்டாவைப் பந்தலாகக் கட்டினேன். மாடி ஒழுகிவிடும் என்று அதுவரை மாதந்தோறும் எச்சரித்து வந்தவர், முதல் காயைக் கோஃப்தா செய்து எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பிய பிறகு, தொட்டிக்கு அடியில் வைக்கச் செங்கல் தாமே வாங்கித் தந்தார்.

மறுமதிப்பீடு முடிய அடுத்த பிப்ரவரி ஆயிற்று. அம்மாயியின் மதிப்பெண் 23இலிருந்து 36க்கு உயர்ந்தது. முதியோரில் 14 பேருக்கு உயர்வு. இருவருக்குக் குறைவு, அவர்களிடம் நான் தாராளமாக நடந்துகொண்டிருக்கிறேன். ஆனால் ‘முதியோர் அறிவர், இளையோர் அறியார்’ என்ற வசதியான முடிவும் வாய்க்கவில்லை. நாற்றங்கால் ஒன்றில் வேலை செய்யும் இருபத்தாறு வயதுப் பெண்ணொருத்தி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைவிடப் பதினோரு சொல் அதிகம் சொல்லியிருந்தாள். முந்தைய மதிப்பீட்டில் அவளும் ‘குழப்பம்’ பட்டியலில்தான் இருந்தாள். வயதைக் கொண்டு நான் வரைந்த கோடு தவறான இடத்தில் கிடந்தது. வரைய வேண்டியது, செடியைக் கையால் தொடுவோருக்கும் தொடாதோருக்கும் இடையே. இதை நிறுவ 36 பேர் போதாது. எனவே மீண்டும் களம் போக வேண்டும், இம்முறை படங்களில்லாமல்.

உதவித்தொகை சென்ற சூலையில் நின்றது. இரண்டு கல்லூரிகளில் பகுதிநேர வகுப்பும் மொழிபெயர்ப்பு வேலையுமாக ஓடுகிறது. ஆய்வேடு எப்போது முடியும் என்பவர்களுக்கு இப்போது என்னிடம் நாள் இல்லை. இயல் ஒன்று போய், நேர்மையான இயல் ஒன்று பாதி எழுதப்பட்டிருக்கிறது என்பதே நிலவரம். கட்டுரையைத் திரும்பப் பெற்றதில் சிலருக்கு என் மீது வருத்தம். அரங்கில் கைத்தட்டியவர்களில் இப்பதிவைப் படிப்போர் இருந்தால், அந்த முடிவை மேற்கோள் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டுக் கொடியில் ஒரு காயைப் பறிக்காமல் விதைக்கு விட்டிருக்கிறேன். அம்மாயியின் கட்டளை அது. கடை விதையை ஊன்றியதில் அவருக்கு முதலிலிருந்தே உடன்பாடில்லை. கொடி வாடிய பிறகும் காய் சட்டத்தில் தொங்குகிறது. பச்சை போய் வைக்கோல் நிறம் ஏறிவிட்டது. காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும் ஓசை கேட்க வேண்டும், அதற்கு முன் உடைக்காதே என்றிருக்கிறார். நேற்று மாலையும் ஆட்டிப் பார்த்தேன். இன்னும் கேட்கவில்லை.