குளம்படி சொன்னதும் சொல்லாததும்

துப்பறியும் கதைக்குள் ஆய்வுக் கோட்பாடு நுழைந்தால் கதை கெட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கோட்பாடு கதையை நிறுத்திவைத்துவிட்டுப் பாடம் நடத்தினால் கெடும்தான். அதுவே துப்புத் துலக்கும் வழியாக அமைந்து, தப்பாகிப் போகும் ஆபத்தையும் ஏற்றுக்கொண்டால் கதைக்குப் பலம் கூடும் என்பது என் கட்சி. இதற்குச் சான்று, உம்பர்டோ எக்கோவின் ‘ரோஜாவின் பெயர்’. போலோன்யா பல்கலைக்கழகத்தில் குறியியல் பேராசிரியராக இருந்தவர், அத்துறையில் பெருநூல் எழுதிய பின் 1980இல் வெளியிட்ட முதல் நாவல் அது.

கதை நடப்பது 1327இல், வட இத்தாலியில் ஒரு மலைமேல் உள்ள மடத்தில். அங்கே வந்துசேரும் வில்லியம் என்ற துறவியின் எதிரே மடத்து ஆட்கள் பதற்றத்தோடு வருகிறார்கள். அவர்கள் கேட்குமுன்பே, ஓடிப்போன குதிரை எந்த வழியில் போனது, என்ன நிறம், என்ன பெயர் என்றெல்லாம் அவர் சொல்லிவிடுகிறார். பனியில் குளம்படி, ஐந்தடி உயரத்தில் முறிந்த கிளைகள், முட்செடியில் சிக்கிய கறுப்பு மயிர் ஆகியவை அவர் கண்ணால் கண்டவை. ஆனால் சிறிய தலையையும் பெரிய கண்ணையும் அவர் எங்கே கண்டார்? உயர்ந்த குதிரைக்கு நூல்கள் கூறும் இலக்கணம் அது. மடத்தார் தங்கள் குதிரையை அந்த இலக்கணத்தின் வழியாகவே பார்ப்பார்கள் என்று ஊகிக்கிறார். குளம்படி ‘ஒரு குதிரை’ என்றுதான் சொல்லும், ‘இன்ன குதிரை’ என்று சொல்லாது. ஒரு குறி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்ற, குறியியலின் நடுநாயகமான கேள்வி இங்கே ஒரு குதிரையின் பின்னால் ஓடுகிறது.

அதே அறிவு பிறகு அவரைத் தடம் மாற்றுகிறது. மடத்தில் அடுத்தடுத்து நிகழும் சாவுகளில் முதலாவது ஆலங்கட்டி மழை பெய்த இரவில். அடுத்த உடல் பன்றி இரத்தத் தொட்டியில். மூன்றாவது குளியல் தொட்டியில். ஆலங்கட்டி, இரத்தம், நீர் என இவை விவிலியத்தின் திருவெளிப்பாட்டில் வரும் ஏழு எக்காளங்களின் வரிசை போலத் தெரிகிறது. உண்மையில் முதல் ஆள் தற்கொலை செய்துகொண்டவர். இரண்டாமவர் நஞ்சால் இறந்தபின் வேறொருவர் உடலைத் தொட்டியில் போட்டார். வரிசை என்று ஒன்று இல்லவே இல்லை. ஆயினும் இல்லாத வரிசையைத் தொடர்ந்துபோய்த்தான் வில்லியம் குற்றவாளியை அடைகிறார்.

இறையியல் விவாதங்கள் கதைக்குச் சுமையல்லவா என்று கேட்கலாம். சில பக்கங்கள் நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் சிரிப்பு பாவமா என்ற விவாதத்தை எடுத்துவிட்டால் கொலைக்குக் காரணமே இருக்காது. நகைச்சுவை பற்றி அரிஸ்டாட்டில் எழுதியதாகக் கருதப்படும், காணாமல்போன நூலை யாரும் படித்துவிடக் கூடாது என்றே அதன் தாள்களில் நஞ்சு பூசப்படுகிறது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுபவரின் விரலும் நாக்கும் கறுக்கின்றன. கருத்தே அங்கே கொலைக்கருவியாகிவிடுகிறது.

துப்பறியும் கதை தருவது தெளிவு, கோட்பாட்டுக்குத் தோல்வி நேர்ந்தால் அந்த இன்பம் போய்விடும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. மார்ஷல் ஜெவன்ஸ் என்ற புனைபெயரில் வில்லியம் பிரெய்ட், கென்னத் எல்சிங்கா என்னும் அமெரிக்கப் பொருளியல் பேராசிரியர்கள் எழுதிய நாவல்களை இதோடு ஒப்பிட வேண்டும். 1978இல் தொடங்கிய அந்த வரிசையில் ஹென்றி ஸ்பியர்மேன் என்ற பொருளியலாளர் தன் துறையின் விதிகளைக் கொண்டே கொலையாளியைப் பிடிக்கிறார். மாணவருக்கு நல்ல விருந்து. ஆனால் விதி தோற்காது என்பது முன்பே தெரிவதால் நெஞ்சு படபடப்பதில்லை. எக்கோவிடமும் கொலையாளி யார் என்பது ஐயமறத் தெரிகிறது. கூடவே, விடையைக் கண்டுபிடித்த வில்லியம் எரியும் மடத்து நூலகத்தின் முன் வெறுங்கையோடு நின்று, தான் வந்த வழி தவறு என்று தன் சீடனிடம் ஒப்புக்கொள்கிறார்.