கறுப்பு முகமும் காமிராக் கண்ணும்

ஒளிப்பதிவு ஆண்டவன் அருளிய வரம் என்பார் உண்டு. பிறவியிலேயே கைவர வேண்டிய கலை என்பாரும் உண்டு. வரமுமல்ல, பிறவிப் பேறுமல்ல, அளவறிந்தால் எவரும் பயிலத்தக்க தொழிலே அது! பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு குறும்படம் எடுக்கப் பழகிவரும் எளிய ஆசிரியன் நான். பழகப் பழக இந்த எண்ணம் என்னுள் உறுதிப்படுகிறது.

முதற் பாடம் மூன்றே சொற்கள்: துளை, நேரம், உணர்திறன். வில்லையின் துளை எவ்வளவு அகலம், ஒளி உள்ளே விழும் நேரம் எவ்வளவு, ஒளியை வாங்கும் உணரியின் திறன் எவ்வளவு என்ற இம்மூன்றையும் கூட்டிக் குறைத்தே படத்தின் வெளிச்சத்தை அமைக்கிறோம். நொடிக்கு 24 படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1/48 நொடி ஒளி. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஆகவே குழல்விளக்கின் கீழே 1/50 நொடி என்று வைத்தால் படம் துடிக்காது. இதில் மந்திரம் எங்கே? மாயம் எங்கே? இருப்பது கணக்கு! எண்ணியல் ஒளிப்பதிவு என்கிறோம். எண் என்றால் இலக்கம். எண் என்றால் சிந்தி. இரண்டும் வேண்டும் இக்கலைக்கு.

என்னைச் சிந்திக்க வைத்தவள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. கருநிற மேனி, கணீரென்ற குரல். தலைமைப் பாத்திரம் அவளுக்கே என்றேன். உதவிக்கு வந்திருந்த படப்பிடிப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். "கறுப்பு முகம் காமிராவுக்கு ஆகாது, சார்! சிவப்பாக ஒரு பெண்ணைப் போடுங்கள். இல்லையென்றால் பவுடரை அப்பச் சொல்லுங்கள்" என்றார், அவள் காதுபடவே. கணீர்க் குரலுக்குரியவள் தலை கவிழ்ந்தாள்.

ஆகாது என்று சொன்னது யார், காமிராவா? ஆராய்ந்தேன். அவள் நின்றது வெள்ளைச் சுவரின் முன். கருவியின் தானியங்கி அளவி, காட்சி முழுவதன் ஒளியையும் சராசரி பார்த்து, அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயல்கிறது. வெண்சுவர் இடத்தை அடைத்துக்கொண்டால், ஒளி மிகுதி என்றெண்ணி அது குறைக்கிறது. சுவர் சாம்பலாகிறது; முகம் இருளில் அமிழ்கிறது. குற்றம் முகத்திலா, தோழர்களே, கணக்கிலா?

தானியங்கியை நிறுத்தினேன். அவளைச் சுவரைவிட்டு விலக்கி, நிழல் படிந்த பழைய மரக் கதவின் முன் நிறுத்தினேன். சன்னல் ஒளி பக்கவாட்டில் விழுந்தது; மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை. முகத்திற்கென்று ஒளியை அளந்து, துளையைத் திறந்தேன். நெற்றியில் ஒளி வழிந்தது, கன்னத்தின் வளைவு தெளிந்தது, கண்கள் பேசின. பவுடர் அப்பியிருந்தால் அந்தப் பளபளப்பே மாண்டிருக்கும்!

இந்தக் கோணல் பார்வைக்கு வரலாறும் உண்டு. அமெரிக்கக் கோடாக் நிறுவனம், வண்ணப் படம் அச்சிடும் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டைக்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். 1950களில் தொடங்கிப் பல்லாண்டுகள் அதில் வீற்றிருந்தவர்கள் வெள்ளைப் பெண்களே. அந்தத் தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுப்பர் முகம் கரிக்கட்டையானால் யாருக்கென்ன? சாக்லெட் விற்போரும் மரச்சாமான் விற்போரும், தம் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று முறையிட்டதே பிலிமைத் திருத்தத் தூண்டிற்று என்று அந்நிறுவனத்தில் பணியாற்றியவரே பின்னாளில் கூறினார். மனிதன் முகத்துக்குக் கிட்டாத நீதி, மேசை நாற்காலிக்குக் கிட்டிற்று!

பிலிம் ஒதுங்கிற்று, உணரி வந்தது. ஒதுங்க மறுப்பது மனத்தின் மாசு. இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் 'அழகூட்டல்' என்ற பெயரால் நம் நிறத்தை வெளுக்கும் வசதி இருக்கிறதே, அது எந்த அட்டையின் எச்சம்?

இளைஞர்களே! உங்கள் சட்டைப் பையிலேயே காமிரா கிடக்கிறது. அளவைக் கற்றுக்கொள்ளுங்கள். வயலில் நிற்கும் உங்கள் அன்னையை, ஆலையில் வேகும் உங்கள் தமையனை, அவர்கள் நிறத்திலேயே ஒளிரச் செய்யுங்கள். ஒருவர் முகம் படத்துக்கு ஆகாது என்று எவரேனும் சொன்னால், விளக்கு எங்கே வைத்தீர் என்று கேளுங்கள்!