டென் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை

பெகாசஸ் பாலத்தைப் பற்றி எவ்வளவோ படித்துவிட்டேன். நார்மண்டியில், கான் கால்வாயின் மேல் இருந்த பாலம். 1944 ஜூன் 6, நள்ளிரவு தாண்டிப் பதினாறாவது நிமிடம், ஜெர்மானியரிடமிருந்து அதைப் பிடிக்கப் பிரிட்டிஷ் வீரர்களை ஏற்றிய மரத்தாலான ஹோர்சா கிளைடர் ஒன்று என்ஜின் சத்தமில்லாமல் வந்து அதன் பக்கத்தில் மோதி நின்றது. அந்த ராத்திரியின் கதையை படைத் தலைவர் மேஜர் ஜான் ஹோவார்ட் வயோதிகம்வரை சொன்னார். கிளைடர் ஓட்டிய ஜிம் வால்வர்க் சொன்னார், கார்ப்பரல் வாலி பார் சொன்னார். பாலத்தின் மேல் முன்னால் ஓடியவர் சொல்லவில்லை.

லெப்டினன்ட் டென் பிரதரிட்ஜ். வயது 28. ஸ்மெத்விக் ஊர்க்காரர். போருக்கு முன் கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதிக்கும் ஆய்வாளர் வேலை. கால்பந்தில் கெட்டிக்காரர், ஆஸ்டன் வில்லாவின் இளையோர் அணியில் ஆடியவர். சிப்பாயாகச் சேர்ந்தவரை அதிகாரிப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தது ஹோவார்ட்தான். அதிகாரியான பிறகும் சிப்பாய்களின் கொட்டடிக்கே போவார். யார் கட்டிலிலாவது உட்கார்ந்து, தன் பூட்ஸைத் தானே தேய்த்துப் பளபளப்பாக்கியபடி கால்பந்துக் கதை பேசுவார். அதிகாரி வேறு, சிப்பாய் வேறு என்று பிரித்தே வைத்திருந்த பிரிட்டிஷ் ராணுவத்தில் அப்படி ஒருவரை அவர்கள் பார்த்ததில்லை. எனக்கும் அவர் வீரத்தைவிட அந்தக் கட்டில் பேச்சுதான் நெஞ்சில் நிற்கிறது.

அந்த ராத்திரி பாலத்தின் காவலாளியைச் சுட்டார், கையெறிகுண்டு வீசினார். இயந்திரத் துப்பாக்கிக் குண்டு கழுத்தில் பாய்ந்தது. பத்து நிமிடத்தில் பாலம் கைக்கு வந்துவிட்டது. பாலத்தை ஒட்டிய கஃபே பக்கம் தரையில் கிடந்தவரிடம் வாலி பார் குனிந்தார். கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. தலையைத் தாங்கிய கையெல்லாம் ரத்தம். நார்மண்டிப் படையிறக்க நாளில் எதிரி குண்டுக்கு இறந்த முதல் நேச நாட்டு வீரர் அவர்தான் என்கிறார்கள். ரான்வில் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

இங்கிலாந்தில் மனைவி நிறைமாதம். சுமார் இரண்டு வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அப்பா குரல் எப்படியிருக்கும் என்று தெரியாமலே வளர்ந்த குழந்தை.

1994-இல் ஐம்பதாம் ஆண்டு நினைவு நாள். இருந்திருந்தால் அவருக்கு 78. யுத்தக் கதையை அவர் வாயால் கேட்க எனக்கு ஆசையில்லை. அதே கோந்த்ரே கஃபேயில், பழைய தோழர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, என்றோ நடுவர் தராமல் போன ஒரு கோலுக்காக அவர் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதையே எத்தனை தடவைதான் சொல்வீர்கள் என்று ஐம்பதை எட்டும் மகள் பக்கத்தில் அலுத்துக்கொண்டிருக்க வேண்டும்.