புளிச்ச பியரும் அரசாங்கம் இல்லாத நாடும்

போன முறை ஓய்வூதியப் படிவங்களைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டுப் பலர் தொலைபேசி எடுத்துக் கதைத்தீர்கள். இந்த முறை பியரைப் பற்றி என்றதும் மனிசி, "கோயில் ஆக்களும் வாசிக்கினம், யோசிச்சு எழுதுங்கோ" என்றா. யோசித்துத்தான் எழுதுகிறேன். கோயில் ஆட்களில் யார் யாருக்கு எந்தப் பியர் பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதை எழுதவில்லை.

சொல்ல வருவது சுப்பமார்க்கற்றில் 24 போத்தல் பெட்டியாக அடுக்கியிருக்கும் மஞ்சள் பியரைப் பற்றி அல்ல. பிறசெல்ஸுக்கும் அதன் மேற்கே இருக்கும் பாயொட்டன்லாண்டுக்கும் உரிய லம்பிக் என்ற புளிப்புப் பியரைப் பற்றி. வெவ்வேறு வயது லம்பிக்கைக் கலந்து போத்தலில் அடைத்தால் அது கூஸ். புளிப்புச் செரிப்பழத்தைப் போட்டு ஊறவைத்தால் கிறீக். இந்த நாட்டில் முப்பது வருடம் இருந்தும் இதை ஒரு வாய் குடித்துப் பார்க்காத நம்மவர்கள் நிறையப் பேர். பார்த்தவர்களில் பாதிப் பேர் "வினாகிரி" என்று கிளாசைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

எனக்கு முதல் மிடறிலேயே பிடித்துப்போனது. காரணம் ஊர். பனையில் முட்டி கட்டி இறக்கும் கள்ளுக்கு யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. முட்டியில் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர். பூசாவிட்டால், காற்றிலும் முட்டியிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பாளையிலிருந்து சொட்டும்போதே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, பின்னேரம் புளிப்பு. லம்பிக்கும் அதே சாதிதான். முளைவிட்ட பார்லியையும் முளைவிடாத கோதுமையையும் அவித்து, கசப்புப் போன பழைய ஹொப்ஸ் போட்டுக் காய்ச்சி, கூரைக்குக் கீழே தட்டையான பெரிய தாச்சி மாதிரி ஒன்றில் ஊற்றி, யன்னலைத் திறந்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். குளிர்கால இரவுக் காற்று உள்ளே வரும். விடிந்ததும் பீப்பாயில் நிரப்புவார்கள். பிறகு பீப்பாய் பார்த்துக்கொள்ளும். நல்ல கூஸுக்குள் ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது லம்பிக் மூன்றும் இருக்கும். இளையது சீனியைக் கொண்டுவரும், மூத்தது ருசியைக் கொண்டுவரும், போத்தலுக்குள் இரண்டும் சேர்ந்து நுரைக்கும். கள்ளுக்கு ஒரு பகல் போதும், இதற்கு மூன்று வருடம். வித்தியாசம் அவ்வளவுதான்.

அன்டர்லெக்ட்டில், தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், 1900ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் கான்டியோன் என்ற மதுவடிசாலையில் இதையெல்லாம் நேரில் பார்க்கலாம். 1978 முதல் அது அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. அங்கே சிலந்தி வலையைத் தட்ட மாட்டார்கள். பழப்பூச்சிகளைச் சிலந்தி பிடித்துத் தின்னுமாம். இதை மனிசிக்குச் சொன்னபோது, "அப்ப எங்கட நிலவறையும் அருங்காட்சியகம்தான்" என்றா.

என்னை இந்த வழியில் இழுத்தவன் ஒரு பிளாமியன். தபால் பிரிக்கும் வேலையில் இரவு முறையில் என்னோடு இருபத்திரண்டு வருடம் நின்றவன். பெயரைப் போடக் கூடாது என்பதால் நெட்டையன் என்றே எழுதுகிறேன். ஆறடி நாலு அங்குலம். பாயொட்டன்லாண்டில் ஒரு கிராமத்தில் பிறந்து அங்கேயே இருப்பவன். வேலை முடிந்து காலை ஆறரைக்கு எங்களைப் போன்றவர்களுக்காகவே திறந்திருக்கும் ஒரு கடையில், மண்ணிறப் பாணில் வெள்ளைப் பாற்கட்டியைப் பூசி மேலே முள்ளங்கித் துண்டு வைத்து, கூட ஒரு கூஸ் எடுத்துத் தந்தான். மற்ற வெளிநாட்டுக்காரர் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்களாம். நான் சுளிக்காதது அவனுக்குப் பெரிய அதிசயம். பழங்கள்ளைப் பற்றி அன்றைக்கு அவனுக்குச் சொல்லத் தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

அவனும் நானும் ஒத்துப்போகாத விசயம் ஒன்றே ஒன்று. அவனுக்குப் பிளாமியப் பகுதி தன் வழியில் தனியாகப் போக வேண்டும். எனக்கு நாடு ஒன்றாக இருக்க வேண்டும். தனிநாடு கேட்ட இனத்திலிருந்து வந்த நீ இப்படிச் சொல்கிறாயே என்று சிரிப்பான். அதற்குப் பதில் சொல்வது சுலபம் இல்லை. ஆனால் நான் இந்த நாட்டைப் பற்றி ஊராட்களிடம் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1960களின் கடைசியில் லூவன் பல்கலைக்கழகத்தை மொழிவாரியாக இரண்டாகப் பிரித்தபோது, நூலகப் புத்தகங்களை ஒற்றை இலக்கம் உனக்கு, இரட்டை இலக்கம் எனக்கு என்று பங்கு போட்டார்கள். கலைக்களஞ்சியத் தொகுதிகள்கூட இரண்டு ஊரில் கிடக்கின்றன என்று இங்கே பகிடி பண்ணுவார்கள். நான் பகிடி பண்ணுவதில்லை. 1981இல் எங்கள் நூலகத்தை எரித்தார்கள். இங்கே இலக்கம் பார்த்துப் பிரித்தார்கள். எரிப்பதை விட இலக்கம் பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் அந்தப் பங்குபோடலுக்கும் ஒரு விலை இருக்கிறது. அதைக் கொறோனாக் காலத்தில் பார்த்தோம்.

2019 மே 26 அன்று தேர்தல். இங்கே வாக்களிப்பது கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும். நானும் மனிசியும் வரிசையில் நின்று போட்டுவிட்டு வந்தோம். வடக்கு ஒரு பக்கம் சாய்ந்தது, தெற்கு மறுபக்கம் சாய்ந்தது. எங்களைப் போன்றவர்கள் வராமலே இருந்திருக்கலாம் என்று சொல்லும் கட்சிக்கு வடக்கில் வாக்கு அள்ளிக் கொட்டியது. நெட்டையன் யாருக்குப் போட்டான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கோடை போனது, மாரி போனது, அரசாங்கம் அமையவில்லை. அரசர் ஒருவர் மாற்றி ஒருவராகத் தூது அனுப்பிக்கொண்டிருந்தார். இங்கே யாரும் பதறவில்லை. முன்பு ஒருமுறை 541 நாள் அரசாங்கம் இல்லாமல் ஓட்டிய நாடு இது. ரயில் ஓடியது, ஓய்வூதியம் வந்தது. லம்பிக் மாதிரி இதுவும் ஊறட்டும் என்று நாங்களே கடையில் இருந்து சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

2020 மார்ச் 13 நள்ளிரவோடு கடைகள் பூட்டப்பட்டன. நாலு நாளில் வில்மெஸ் அம்மையாரின் சிறுபான்மை அரசுக்கு அவசர வேலைக்கென்று அதிகாரம் கொடுத்தார்கள். அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது, மத்தி, பிராந்தியம், மொழிச் சமூகம் என்று எல்லாவற்றையும் கூட்டினால் இந்த நாட்டில் சுகாதாரத்துக்கு மட்டும் ஒன்பது அமைச்சர்கள். முகக்கவசம்? அவசரத்துக்கென்று வைத்திருந்த கையிருப்பு காலம் கடந்துபோனது என்று முன்பே அழித்துவிட்டார்கள், திரும்ப வாங்கி வைக்கவில்லை. உருளைக்கிழங்கு மட்டும் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. கிழமைக்கு இரண்டு தரம் பொரியல் சாப்பிடுங்கள் என்று கிழங்கு வியாபாரிகள் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஒரு வேண்டுகோளை எங்கள் பேரப்பிள்ளைகள் குறைவில்லாமல் நிறைவேற்றினார்கள்.

நெட்டையனின் மனைவி இரண்டு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில். மறதி நோய். அவன் ஒவ்வொரு நாளும் பின்னேரம் இரண்டு மணிக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டின் மிச்சத்தை ஊட்டிவிட்டு, தலைவாரிவிட்டு வருவான். மார்ச் நடுப்பகுதியில் கதவு பூட்டிக்கொண்டது. அறை இரண்டாம் மாடியில். வெளியே புல்தரையில் நின்று கையைக் காட்டுவான். அவ பார்த்தாவோ, பார்த்து யாரென்று விளங்கியதோ, அவனுக்குத் தெரியாது. இரவு எட்டு மணிக்கு நாங்கள் எல்லோரும் யன்னலில் நின்று தாதிமாருக்குக் கைதட்டுவோம். கைதட்டி முடிந்ததும் அவன் எனக்குத் தொலைபேசி எடுப்பான்.

ஏப்ரல் 15, புதன்கிழமை இரவு. தொலைக்காட்சியில் அறிவித்தார்கள், முதியோர் இல்லத்தில் இருப்பவரை ஒரே ஒரு ஆள், நோய்க்குறி இல்லாதவர், போய்ப் பார்க்கலாம் என்று. அவன் அன்றைக்கு எடுத்த அழைப்பு இன்னும் காதில் இருக்கிறது. எந்தச் சட்டை போடுவது என்று கேட்டான். இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் சட்டையைப் பற்றிக் கதைத்ததே இல்லை. விடிந்ததும் இல்லங்கள் சொன்னன, எங்களிடம் கவசமும் இல்லை, பரிசோதனையும் இல்லை. பிராந்திய அரசுகள் சொன்னன, எங்களைக் கேட்காமல் எப்படி அறிவித்தீர்கள். வைத்தியசாலை பெரும்பாலும் மத்திய அரசின் பொறுப்பு, முதியோர் இல்லம் பிராந்தியத்தின் பொறுப்பு. ஒற்றை இலக்கம் ஒருவருக்கு, இரட்டை இலக்கம் இன்னொருவருக்கு. கதவு பூட்டியபடியே இருந்தது.

பதினொரு நாளில் அவ போய்விட்டா. செத்தவீட்டுக்குப் பதினைந்து பேருக்கு மேல் நிற்கக் கூடாது. பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்களோடு எண்ணிக்கை முடிந்துவிட்டது, நான் போகவில்லை. அம்மா செத்ததைச் சண்டைக் காலத்தில் கடிதத்தில் வாசித்து அறிந்தவன் நான். அந்தக் கடிதம் என் கைக்கு வரும்போது அந்திரட்டியும் முடிந்துவிட்டது. இந்த நாட்டில் ஒருவனுக்கு அப்படி நடக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அந்த முதல் அலையில் இறந்தவர்களில் பாதிக்கு மேல் முதியோர் இல்லத்துக்காரர். வேறு நாடுகள் கணக்கில் சேர்க்காத சந்தேக மரணங்களையும் இங்கே சேர்த்தார்கள், அதனால்தான் எங்கள் எண்ணிக்கை உலகத்திலேயே பெரிதாகத் தெரிகிறது என்று விளக்கம் சொன்னார்கள். விளக்கம் சரிதான். அதை நெட்டையனுக்குச் சொல்லிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மே 16 அன்று பிறசெல்ஸ் மருத்துவமனை ஒன்றுக்குப் பிரதமர் போனபோது, ஊழியர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, சத்தமே போடாமல், கார் வர வர முதுகைத் திருப்பினார்கள். அந்த ஒளிப்படத்தை நான் சேமித்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 8 கடைகள் திறந்தன. இரண்டாம் நாள் நாங்கள் இருவரும் வெளியே போட்ட மேசையில், ஒன்றரை மீற்றர் தள்ளி இருந்தோம். பெரிய போத்தல் கூஸ் எடுத்தோம். தக்கையை அவன்தான் இழுத்தான், கை நடுங்கியது. பழைய பண்ணைக் கொட்டில் மணமும் தோடம்பழத் தோல் மணமும் வந்தன. அரைக் கிளாஸ் முடியும்வரை இருவரும் கதைக்கவில்லை. பிறகு அவன் சொன்னான்: "எல்லாத்தையும் முழுசாப் பிரிச்சிருந்தால் இது நடந்திருக்காது." நான் சொன்னேன்: "பிரிச்சதாலதான் நடந்தது." முப்பது வருட வாக்குவாதத்துக்கு அவன் மனைவியின் மரணம் இரண்டு பேருக்கும் சாட்சியாகிப் போனது. அதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உணர்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் அந்தக் கதையை எடுக்கவில்லை.

புளிப்பு என்றால் எல்லாம் ஒரே புளிப்பு இல்லை. பீப்பாய்க்குள் மூன்று வருடம் விட்டால் அங்கே யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த 494 நாளும் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஆம், 494 நாள். அக்டோபர் 1ஆம் தேதிதான் டி குறோவின் அரசாங்கம் பதவியேற்றது. ஏழு கட்சிகள், நாலு அரசியல் குடும்பங்கள், நாலு பருவம் என்று அதற்கு விவால்டி என்று இசைக்காரன் பெயர் வேறு. ஒரே கிழமையில், அக்டோபர் 8, பிறசெல்ஸ் பியர்க் கடைகளை மறுபடி பூட்டினார்கள். 19ஆம் தேதி நாடு முழுக்க. அந்த வருடம் முடிவதற்குள் 19,000க்கு மேல் போய்விட்டார்கள்.

அந்த மாரி முழுக்க நாங்கள் தொலைபேசியில்தான் குடித்தோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணி. அவன் தன் நிலவறையிலிருந்து ஒன்று எடுப்பான், நான் என்னுடையதிலிருந்து. இரண்டு பேரும் சின்னப் போத்தல்தான், வைத்தியர் சொல் தட்டக் கூடாது. ஒருநாள் மேற்குப் பக்கத்து றோடன்பாக் எடுத்தோம். அது வேறு வகைப் புளிப்பு, சிவப்பு, பெரிய ஓக் மரத் தாழிகளில் ஊறுவது. றூசலார ஊரில் 1821இல் அதைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான அலெக்சாந்தர் றோடன்பாக் கண் பார்வை இல்லாதவர். 1830இல் இந்த நாடு பிறந்தபோது அதன் அரசியல் சட்டத்தை எழுதிய பேரவையில் உறுப்பினராக இருந்தவர். "கண் தெரியாதவர் எழுதினது, கண் தெரிஞ்சவை குழப்பினது" என்றான் நெட்டையன். மனைவி போன பிறகு அவன் விட்ட முதல் பகிடி அது.

நான் கூஸோடு என்ன சாப்பிடுவேன் என்று சிலர் கேட்டீர்கள். கடலை வடை நல்லாய்ப் பொருந்தும். கருவாட்டுப் பொரியல் இன்னும் நல்லாய்ப் பொருந்தும், ஆனால் மேல்மாடிக்காரர் புகார் சொல்வார்கள். செரி போட்ட கிறீக்கை இனிப்பாக்கி விற்கும் கடைச்சரக்கை வாங்காதீர்கள். லேபலில் "பழைய" என்ற அடைமொழி இருக்கிறதா என்று பாருங்கள். 1997இலிருந்து ஐரோப்பியச் சட்டம் அந்தச் சொல்லைக் காக்கிறது.

2021 மே 8 வெளிமேசைகள் திறந்தபோது மழை. குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். போத்தலில் உரிய காலம் இன்னும் பதினெட்டு வருடம் என்று போட்டிருந்தது. எங்களை விட இதற்கு ஆயுள் கூட என்றான். அடுத்த கிழமை அவனுக்கு இரண்டாவது ஊசி. அது முடிந்து இரண்டு கிழமையில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். மனிசி என்னைக் கணவாய் வாங்கி வரச் சொல்லியிருக்கிறா. உறைப்புக் குறைத்து வைக்கட்டோ என்று கேட்டா. குறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.