நடந்து பார்த்த ஊர்கள் மீண்டும் அழைக்கின்றன

மலையகச் சுற்றுலா என்றால் நம்மில் பலருக்கும் வேன் பயணம்தான். நுவரெலியாவில் கிரகரி வாவி, ஹக்கலைப் பூங்கா, திரும்பும் வழியில் ஒரு நீர்வீழ்ச்சி. அத்துடன் பயணம் முடிந்துவிடும். இடையிலுள்ள சிற்றூர்கள் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்துவிடும். பூமியில் பயணம் செய்து படிப்பினை பெறும்படி அல்குர்ஆன் நம்மைத் தூண்டுகிறது. அப்படிப் பார்ப்பதற்கு வேனைவிடக் கால்களே ஏற்றவை.

தேயிலைக்குள் ஒரு நடைபாதை

அண்மை ஆண்டுகளில் மலையகத்தில் 'பெக்கோ ட்ரெயில்' என்ற நெடுந்தூர நடைபாதை அமைக்கப்பட்டுள்ளது. பெக்கோ என்பது ஒரு வகைத் தேயிலையின் பெயர். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன் பக்கம், ஹப்புத்தளை, எல்ல என்று வளைந்து சென்று நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள்; மொத்தம் 300 கிலோமீட்டருக்கும் மேல். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இவ்வழியில்தான் இருக்கிறது.

முழுவதையும் நடக்கப் பல வாரங்கள் வேண்டும். 2025 ஆகஸ்ட் விடுமுறையில் கணவரும் பிள்ளைகளுமாக நாங்கள் நடந்தது கடைசிக் கட்டங்களை மட்டுமே. வலப்பனைப் பகுதியின் உடப்புசல்லாவையிலிருந்து கந்தப்பளை வரை.

மூன்று ஊர்கள்

இலங்கைத் தேயிலையின் ஏழு பெரும் பிரதேசங்களில் உடப்புசல்லாவையும் ஒன்று. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றில்தான் இங்கே மிகச் சிறந்த தேயிலை கிடைக்கிறது. அம்மாதங்களில் போனால், தொழிற்சாலையை நெருங்கும்போதே வாடும் கொழுந்தின் மணம் நம்மை வரவேற்கும்.

அங்கிருந்து நுவரெலியா போகும் வழியில் இருப்பது ராகலை. இந்தச் சிறிய கடைவீதிக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது என்றால் நம்புவீர்களா? நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக 1904இல் குறுகிய பாதை ரயில் இங்குவரை நீண்டது. 1940களில் அது மூடப்பட்டது. இப்போது பஸ்தான்.

கந்தப்பளை கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே உள்ளது. தேயிலைக்கு நடுவே கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகள். காலையில் பனி விலகும்போது அந்தப் பச்சை நிறங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும் அழகு, சுப்ஹானல்லாஹ்!

அழகுக்குப் பின்னால்

நடந்து போனால்தான் மனிதர்கள் தெரிகிறார்கள். ராகலைக்கு இப்பால் ஒரு லயத்து வாசலில் களைத்து நின்றோம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த ஒரு பெண், "வாங்கம்மா, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று செம்பை நீட்டினார். வெயிலிலும் மழையிலும் நாளொன்றுக்குப் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து பறிக்கும் கை அது. விடைபெறும்போது, "போறவங்க எல்லாம் போட்டோ எடுப்பாங்க. திரும்ப யாரும் வர்றதில்லை" என்றார் சிரித்தபடி.

நாம் இன்பமாக நடக்கும் இந்தப் பாதைகளை வெட்டியவர்கள் இவருடைய முன்னோர்களே. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்தவர்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது.

நாங்கள் வந்து மூன்று மாதத்தில், நவம்பர் இறுதியில், டித்வா புயல் வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்தன. நாங்கள் தேநீர் குடித்த கடைக்காரரிடம் தொலைபேசியில் விசாரித்தோம். அந்த லயத்தின் பின்சுவர் இடிந்துவிட்டதாம். அல்ஹம்துலில்லாஹ், உயிருக்குச் சேதமில்லை.

மீண்டும் போகிறவர்களுக்கு

சகோதரிகளே! இத்தகைய ஊர்களை ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். மறுமுறை போகும்போது ஓர் இரவாவது அங்கேயே தங்குங்கள். தேயிலை, காய்கறி, பிள்ளைகளுக்கான தின்பண்டம் எல்லாவற்றையும் அவ்வூர்ச் சிறு கடைகளிலேயே வாங்குங்கள். உங்கள் பணம் அவ்வூரில் தங்கட்டும்.

பாதை திறந்திருக்கிறதா, மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். மழைக்காலத்தைத் தவிருங்கள். அட்டைக் கடிக்குச் சிறிது உப்பு, குளிருக்குக் கம்பளிச் சட்டை, ஒளூவுக்கு ஒரு போத்தல் தண்ணீர் அவசியம். கஸ்ர், ஜம்உ தொழுகைச் சட்டங்களை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லயங்களைப் படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள். அது ஒரு குடும்பத்தின் வீடு.

அயலாரின் நலம் விசாரிப்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த பண்பு. தண்ணீர் தந்தவரை மீண்டும் போய் நலம் விசாரிக்கும் பயணமும், இன்ஷா அல்லாஹ், நன்மையாகவே எழுதப்படும்.