முன்சில்லு கற்பித்த பாடம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, தமிழாசிரியராகிய யாம் சங்கச் செய்யுளைப் பற்றியோ ஈழத்துப் புலவர் ஒருவரைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். யாமும் அவ்வாறே எண்ணிப் பேனாவை எடுத்தோம். ஆயினும், அண்மைக் காலத்தில் எமக்குக் கிடைத்த பாடங்களுள் மிகப் பெரியது நூலகத்திற் கிடைத்ததன்று. கோண்டாவிலில் ஒரு மாமரத்து நிழலில், எண்ணெய் படிந்த நிலத்திற் கிடைத்தது. அதனை மறைத்து வேறொன்றை எழுத மனம் இடந்தரவில்லை. இலக்கியம் வேண்டி இப்பக்கத்தைத் திருப்பிய அன்பர்கள் பொறுத்தருள்க.

எம்மிடம் ஒரு பிக்கப் வாகனம் உண்டு. 1980களின் பிற்பகுதியில் யப்பானில் ஆக்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டிற் கண்டி வீதி திறக்கப்பட்ட பின்னர் எம் தந்தையார் அதனை வாங்கினார். அதற்கு முந்திய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாய் இருந்ததையும், ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதையும் எம் வயதினர் மறவார். அக்காலத்தைக் கடந்து வந்த தந்தையாருக்கு டீசலில் ஓடும் வாகனம் ஒன்று கைக்கெட்டியது பெருஞ் செல்வமாயிற்று. நீர்வேலித் தோட்டத்து வாழைக்குலைகளைத் திருநெல்வேலிச் சந்தைக்குச் சுமந்தது அதுவே. எம்மையும் எமது பெட்டியையும் கோப்பாய் ஆசிரிய கலாசாலை வாயிலில் இறக்கியதும் அதுவே.

தந்தையார் 2019 இற் சிவபதமடைந்தார். மறு ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வாகனங்களின் விலையும் மேலேறியது. விற்றுவிடுமாறு பலர் கூறினர். யாம் விற்கவில்லை. 2022 ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தின்போது அது பல மாதங்கள் கொட்டிலுள் அசையாது நின்றது. மீண்டும் ஓடத் தொடங்கிய சில நாள்களில் அதன் முன்புறம் உதறத் தொடங்கியது.

மெதுவாகச் செல்லும்பொழுது யாதொரு குறையும் இல்லை. மணிக்கு 55 கிலோமீற்றரைக் கடந்ததும் ஸ்ரியரிங் வளையம் கையுள் நடுங்கும். 60 இல் அந்நடுக்கம் தோள்வரை ஏறும். 70 ஐ அண்டினாற் சற்றுத் தணியும். எம் அன்னையாரை மாதந்தோறும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அதிலேயே அழைத்துச் செல்வோம். ஒருநாள் அவர், "தம்பி, வண்டிக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டார். சிரித்தோம், ஆயினும் அன்றிரவு உறங்கவில்லை.

பின்னர் திருத்தகங்களை நாடினோம். முதலாமவர் வீல் அலைன்மென்ற் பிழை என்றார்; அதனைச் செய்வித்தோம். இரண்டாமவர் ஷொக் அப்சோபர்கள் இரண்டையும் மாற்றினார். மூன்றாமவர் ஸ்ரியரிங் பெட்டியை இறுக்கினார். வளையந் திருப்பப் பாரமானதேயன்றி உதறல் நிற்கவில்லை. இடையில் இருமுறை சில்லுகளைப் பொறியிலிட்டு வீல் பலன்ஸ் செய்வித்தோம். ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற் செலவாயிற்று. ஒவ்வொருவரும் மனமறிந்து எம்மை ஏமாற்றினர் என்று கூற மாட்டோம். ஒவ்வொருவரும் தமக்கு நன்கு பழகிய மருந்தைத் தந்தனர். நோயை எவரும் வினவவில்லை.

2024 ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கிழமையில், உடனாசிரியர் ஒருவர் சொற்கேட்டுக் கோண்டாவிலுக்குச் சென்றோம். மாமரத்தடியில் ஒரு தகரக் கொட்டில். உள்ளிருந்து வந்த இளைஞர் எம்மைக் கண்டதும் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வாங்கோ சேர்" என்றார். சற்று நேரஞ் சென்றே அடையாளங் கண்டோம். நம் கல்லூரியில் எம்மிடந் தமிழ் கற்ற மாணவர். 2010 ஆம் ஆண்டில், வன்னியிலிருந்து மீண்டு வந்த பிள்ளைகளோடு எட்டாம் வகுப்பிற் சேர்ந்தவர். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் தமிழிற் சித்தியெய்தாது பள்ளியை விட்டு நீங்கியவர். அவரது பெயரை இங்கு எழுத அவர் விரும்பவில்லை.

யாம் வாகனத்தின் குறையைச் சொல்லத் தொடங்கினோம். அவர் எந்த ஆயுதத்தையும் கையிலெடுக்கவில்லை. கேள்விகளையே எடுத்தார்.

"சேர், எந்த வேகத்திலை உதறுது? பிறேக் பிடிச்சாக் கூடுதோ? கையிலை தெரியுதோ, இருக்கையிலை தெரியுதோ? எப்ப தொடங்கினது? அதுக்கு முதல் வாகனம் என்ன செய்தது?"

இறுதிக் கேள்வி எம்மை வியப்பில் ஆழ்த்தியது. பல மாதங்கள் ஓடாது நின்றது என்றோம். தலையசைத்துவிட்டு அருகில் ஏறி அமர்ந்தார். பலாலி வீதியில் உரும்பிராயை நோக்கிச் சென்றோம். வெறுமையான நேர்வீதியில் 60 ஐ எட்டியதும் கியரை நியூற்றலில் இடச் சொன்னார். எஞ்சின் தணிந்தது, உதறல் தணியவில்லை. "எஞ்சின் இல்லை" என்றார். மெல்லப் பிறேக் பிடிக்கச் சொன்னார். உதறல் மிகவில்லை. "டிஸ்க்கும் இல்லை" என்றார்.

திரும்பி வருகையில் அவர் போட்ட கணக்கை இங்குத் தருதல் மாணவர்க்குப் பயன்படும். எமது சில்லின் சுற்றளவு 2 மீற்றருக்குச் சற்று மேல். மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 17 மீற்றர். ஆகவே சில்லு விநாடிக்கு 8 முறை சுழலும். சில்லிற் குறையிருப்பின் உதறலும் விநாடிக்கு 8 முறையே; அதனைக் கை தனித்தனி அடியாக உணரும். பின்னச்சுக்கு விசை கொண்டு செல்லும் தண்டோ ஏறத்தாழ நான்கு மடங்கு விரைந்து சுழல்வது. அதன் குறை உதறலாகத் தோன்றாது. இரைச்சல் கலந்த நுண்ணதிர்வாய் அடிப்பலகையில் தோன்றும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மிகுந்து அப்பாலே தணிவதேன்? அவ்வேகத்திற் சில்லின் துடிப்பும், முன்புற உறுப்புகளுக்கு இயல்பாய் உள்ள ஆட்டமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளும் சிறுவனுக்கும் இது தெரியும்.

கொட்டிலை அடைந்ததும் காற்றழுத்தத்தை அளந்தார். சில்லு நட்டுகளின் இறுக்கத்தைப் பார்த்தார். பின்னர் முன்சில்லுகளைப் பின்னும் பின்சில்லுகளை முன்னுமாக மாற்றி மீண்டும் ஓட்டச் செய்தார். கையில் இருந்த உதறலிற் பெரும்பகுதி இருக்கைக்குச் சென்றது. சிறுபகுதி கையில் எஞ்சியது. "இரண்டு வருத்தம் இருக்குது, சேர்" என்றார்.

முன்னிருந்து பின் சென்ற சில்லுகளை உயர்த்தி, ரயரின் ஓட்டுமுகத்துக்கு அணித்தாய் ஒரு சுண்ணக்கட்டியை அசையாது பிடித்து மெல்லச் சுழற்றினார். ஒரு சில்லில், ஓரிடத்தில் மட்டும் வெண்கோடு விழுந்தது. அவ்விடத்தில் ரயரின் உட்படை பிரிந்து மேற்பரப்பு சிறிது புடைத்திருந்தது. அதன் பக்கச் சுவரில் 2114 என நான்கு இலக்கங்கள்: 2014 ஆம் ஆண்டின் 21 ஆம் கிழமையில் ஆக்கப்பட்டது என்பது பொருள். பூ தேயாதிருந்தமையால் அதனைப் புதியதென்றே நம்பியிருந்தோம். பொறியிலிட்டுச் சமன் செய்தும் பயன்படாமையின் காரணமும் விளங்கிற்று. பாரம் சமனாயிருப்பதும் வடிவம் வட்டமாயிருப்பதும் வெவ்வேறு. முட்டை வடிவான சில்லையும் ஈயத்துண்டு வைத்துப் பாரத்திற் சமனாக்கலாம். அந்த ரயர் ஓட்டத்தில் வெடித்திருக்கவுங்கூடும். அன்னையார் அருகில் அமர்ந்திருந்த நாள்களை எண்ணி உடல் சிலிர்த்தோம்.

இரண்டாவது நோயைத் தேட முன்புறத்தை உயர்த்தினார். பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஜாக்கை மட்டும் நம்பாது குற்றிகளையும் நிறுத்தினார். சில்லின் மேலும் கீழும் பிடித்து அசைத்தார், அசைவில்லை. ஆகவே பெயாரிங்கும் போல் ஜொயின்ற்றும் நலம். இரு பக்கங்களிலும் பிடித்து அசைத்தார், சிறிது ஆடியது. எம்மை ஸ்ரியரிங்கை இடமும் வலமும் திருப்பச் சொல்லித் தாம் அடியிற் படுத்துப் பார்த்தார். இடச் சில்லையும் வலச் சில்லையும் இணைக்கும் தண்டைத் தாங்கும் ஐட்லர் ஆம் என்னும் உறுப்பின் புஷ் தேய்ந்து, அது மேலுங் கீழும் துள்ளியது. "ரயர் ஆட்டுது, இது ஆட இடங்குடுக்குது. ஒண்டை மட்டும் மாத்தினால் மற்றது திரும்பக் கூப்பிடும்" என்றார். அலைன்மென்ற் முன்னர் பயன்படாமைக்கும் இதுவே காரணம். தளர்ந்த உறுப்பை வைத்துக்கொண்டு அளந்த அளவு அடுத்த குழியிலேயே மாறிவிடும்; ஆகவே அது இறுதியிற் செய்ய வேண்டியது.

இனி யாம் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும்.

ஐயம் முற்றாய் நீங்குதற்காக அவர் பெயாரிங்கின் ஒலியையுங் கேட்டார். நீண்ட ஸ்குரூ டிறைவரின் முனையைச் சில்லின் அச்சருகே ஊன்றி, பிடியைக் காதில் வைத்துச் சில்லைச் சுழற்றினார். வலப்புறத்தில் எளிதாயிற்று. இடப்புறத்தில் உடலை முழுதும் முறுக்கி, வலக்காதையே கொண்டு வந்து வைக்க வருந்தினார். "மற்றக் காதில் வையுமேன், தம்பி" என்றோம்.

"அந்தக் காது கேளாது சேர். 2009 இலை செல் விழுந்ததிலை போனது" என்றார், சில்லைச் சுழற்றியவாறே.

எமது வகுப்பறை கண்முன் வந்து நின்றது. வலச் சுவரோரத்து வாங்கில் அவர் இருப்பார். அங்கிருந்து எம்மை நோக்கும் பிள்ளைக்கு எம் பக்கமாய் இருப்பது இடக்காதே. சொல்வதெழுதலில் அவர் பாதிச் சொற்களை விட்டுவிடுவார். விட்ட இடங்களில் வேறு சொற்கள் இருக்கும். கவனமில்லை என்றோம். பிழைகளைப் பத்துமுறை எழுதச் செய்தோம். மேலும் சொல்வதெழுதல் கொடுத்தோம். தாயாருக்குக் கடிதம் விடுத்தோம். இறுதியிற் பின்வாங்குக்கு அனுப்பினோம். அலைன்மென்ற், ஷொக் அப்சோபர், ஸ்ரியரிங் பெட்டி!

"எம்மிடஞ் சொல்லவில்லையே, தம்பி" என்றோம். குரல் எமக்கே அந்நியமாய் ஒலித்தது.

"நீங்கள் கேக்கேல்லை, சேர்" என்றார். அதிற் குற்றச்சாட்டு இல்லை. காற்றழுத்தத்தை அளந்து சொன்ன அதே குரலிற் சொன்னார்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை யாம் ஆண்டுதோறுங் கற்பிக்கின்றோம். நோயையும் அதன் மூலத்தையும் முதலில் ஆராய்க என்று வள்ளுவர் கூறியதைப் பதவுரை, பொழிப்புரையுடன் கரும்பலகையில் எழுதியிருக்கின்றோம். அதனை எழுதிய அதே ஆண்டில், அதே அறையில், சுவரோரத்திலிருந்த பிள்ளையிடம் "எப்பொழுது? எங்கே? அதற்கு முன் என்ன நேர்ந்தது?" என்று ஒருமுறையேனும் வினவினோமல்லேம். தமிழிற் சித்தியெய்தாதவர் அக்குறளின் பொருளைச் செய்துகாட்டினார். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்ற யாம் அருகில் நின்று பார்த்தோம்.

இரண்டு புதிய ரயர்களும் ஐட்லர் ஆமும் இட்டு, இறுதியில் அலைன்மென்ற்றுஞ் செய்வித்தபின் உதறல் முற்றாக நின்றது. அவர் தம் கூலியைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. விடைபெறும்பொழுது மன்னிப்புக் கேட்டோம். "அதுக்கென்ன சேர்" என்று கூறி, அடுத்த வாகனத்தின் உரிமையாளரிடம் திரும்பி, "எந்த வேகத்திலை உதறுது?" என்று கேட்கத் தொடங்கினார். இம்முறை யாம் அவருடைய வலப்பக்கத்தில் நின்றிருந்தோம்.

அவ்வாண்டு முதல், புதிய வகுப்பிற் புகும் முதல்நாளில் யாம் பாடம் நடத்துவதில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அழைத்து, எங்கிருந்தால் நன்றாய்க் கேட்கின்றது, கரும்பலகை எவ்வாறு தெரிகின்றது, காலையில் உண்டதென்ன என்று வினவுகின்றோம். இரு நாள்கள் செல்கின்றன. பாடத்திட்டம் அதனாற் பின்தங்கியதில்லை.

பழைய மாணவப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். விழா மேடைகளில் நம் கல்லூரி ஈன்ற வைத்தியரையும் பொறியியலாளரையும் வரிசைப்படுத்துகின்றோம்; அது தக்கதே. அவ்வரிசையின் இறுதியில், கோண்டாவில் மாமரத்தடியில் எண்ணெய்க் கையோடு நிற்கும் ஒருவரையும் நினைந்துகொள்க. அவர் நம் கல்லூரியின் மாணவர். எமக்கு ஆசிரியருமாவார்.

கல்லூரித் தாய் நீடு வாழ்க!